ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேஜைமீது 59 பனியன்கள். இரண்டிரண்டாகக் கட்டினாலும், மூன்று மூன்றாகக் கட்டினாலும், டஜன் கணக்கில் கட்டினாலும் மிச்சம் விழுகிறது. 59 பகா எண் அல்லவா? இன்னும் ஒரே ஒரு பனியனை வையுங்கள். இப்பொழுது 60. இதை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்று எப்படிக் கட்டினாலும் மிச்சமில்லை! 1-ஐயும் 60-ஐயும் சேர்த்தால் மொத்தம் 12 வகுஎண்கள். 60-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படி, தனக்கு முந்திய எண்கள் எல்லாவற்றையும்விட அதிக வகுஎண்களை உடைய எண்ணை மீப்பகு எண் என்று சொல்லலாம்.

திருப்பூரில் ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஈரோடு வந்துவிடும். அங்கே 1887 டிசம்பர் 22-ல் பிறந்த சீனிவாச ராமானுஜன்தான் இந்த எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர். இவற்றைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அதற்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், நூறு மீப்பகு எண்களுக்கு மேல் அவர் அட்டவணையிட்டிருந்தார். கடைசி எண் 6746328388800.

ஆனால் நடுவில் ஓர் எண் விடுபட்டுவிட்டது! அது 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இத்தனை பெரிய எண்ணின் வகுஎண்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். 60-ஐ 2×2×3×5 என்று பிரியுங்கள். அதன் வகுஎண் ஒன்றை உண்டாக்க, 2-ஐச் சேர்க்காமல் விடலாம், ஒரு முறை சேர்க்கலாம், இரு முறை சேர்க்கலாம். ஆக மூன்று வழிகள். 3-க்கு இரண்டு வழிகள், 5-க்கும் இரண்டு. 3×2×2 = 12. அவ்வளவுதான்!

விடுபட்ட எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. எனவே வகுஎண்கள் 7×5×3×3×2×2×2×2 = 5040. பட்டியலில் இதற்கு முந்திய 240940299600-க்கு 4800. பிந்திய 321253732800-க்கு 5376. இரண்டுக்கும் இடையில் இது உட்கார்ந்திருக்க வேண்டும்.

மேதையின் கை ஓரிடத்தில் தவறியதைக் காணும்போது, மற்ற நூற்றுச் சொச்சம் எண்களைக் கையால் கணக்கிட்ட உழைப்புத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். விடுபட்ட எண்ணை, அதில் இல்லாத அடுத்த பகா எண்ணாகிய 23-ஆல் பெருக்குங்கள். ஒரு புதிய பகா எண் சேர்ந்ததால் வகுஎண்கள் இரு மடங்காகி 10080 ஆகும். பெருக்கி வந்த விடையை ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றே!