முன்சீப் எழுதிய தமிழ்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை யார் என்று கேட்டால், தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். 1879-இல் அந்த நூல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் அவருடைய பகல்களெல்லாம் கோர்ட்டில்தான் கழிந்தன. திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-இல் பிறந்தவர், திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்துவிட்டு, அன்றைய தஞ்சை ஜில்லாவின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். உத்தியோகம் வயிற்றுக்கு, பாட்டு மனசுக்கு என்று அவர் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துப் பேசுவதே வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வழக்காட வந்தவனுக்கு நீதி புரிய வேண்டும் என்ற ஒரே கவலைதான் அவர் தீர்ப்பையும் எழுத வைத்தது, பாட்டையும் எழுத வைத்தது.

முன்சீப் கோர்ட் என்பது சிவில் வழக்கின் முதல் படி. காவிரிப் படுகையில் நிலம் உள்ள வீட்டில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர், குத்தகை பாக்கி, அடமானம், பாகப்பிரிவினை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த வழக்குகளின் தலையெழுத்தை முடிவு செய்தவையோ அன்றைய மேல் கோர்ட்டான சென்னை சதர் கோர்ட்டின் முன் தீர்ப்புகள். அவை இருந்தது ஆங்கிலத்தில். தோற்றவனுக்கு எதனால் தோற்றோம் என்றே தெரியாது. 1805 முதல் 1861 வரையிலான அந்தத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் திரட்டி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார் வேதநாயகம் பிள்ளை. சதர் கோர்ட் போய்ச் சென்னை உயர் நீதிமன்றம் வந்ததும் அதே ஆண்டில்தான். பின்னால் வெளிவந்த நாவலிலும் தமிழ்க் கட்சிக்காரர் முன் இங்கிலீஷில் வாதாடும் வக்கீல்களை நன்றாகவே நையாண்டி செய்திருக்கிறார். நாவலைக் கொண்டாடும் நாம் சங்கிரகத்தை மறந்தது பெரிய குறை.

பாட்டு என்ற பெயரில் அவர் செய்தது உபதேசம்தானே என்று கேட்கலாம். 1859-இல் வந்த ‘நீதிநூ’லை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் செய்யுள்களோடு வைத்துப் பார்த்தால் அணிநயம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மகாவித்துவானே இவருடைய நெருங்கிய நண்பர். இவர்மீது ‘குளத்துக்கோவை’ பாடியவர். கடின நடை எப்படியிருக்கும் என்று தெரியாமல் எளிய நடையில் எழுதியவரல்ல இவர். நீதிநூலில் கைக்கூலிக்கென்று தனி அதிகாரமே உண்டு. குறளில்கூட லஞ்சத்துக்குத் தனி அதிகாரம் கிடையாது! கோர்ட் வாசலில் காசு எப்படிக் கைமாறும் என்று தினமும் பார்த்தவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கரான அவர் 1878-இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ வெளியிட்டு, எந்த மதத்தாரும் பாடும்படி கடவுளைப் பாடியதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். கட்சிக்காரரின் மதம் பார்க்காமல் வழக்கைக் கேட்டுப் பழகியவரின் பாட்டு அது.

வெள்ளைக்காரன் சம்பளம் வாங்கியவர்தானே என்பது இன்னொரு ஆட்சேபம். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் சொந்தப் பணத்தில் கஞ்சி ஊற்றியதையும், அதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியதையும் பலர் பதிலாகச் சொல்வார்கள். அது அவருடைய ஈகைக்குச் சான்று. இந்த ஆட்சேபத்துக்குப் பதிலாகாது. ஆட்சியின் சட்டம் ஆட்சியின் மொழியிலேயே பூட்டிக் கிடப்பதுதான் அதிகாரத்துக்கு வசதி. சம்பளம் வாங்கிக்கொண்டே அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார் என்பதுதான் பதில்.

1889-இல் அவர் காலமானார். அதற்குப் பின் கீழ்க் கோர்ட்டுகளுக்குத் தமிழ் வந்துவிட்டது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே வழக்காடு மொழி இன்னமும் ஆங்கிலம்தான்.