செந்நிற வால்வெள்ளியும் வானியல் விதிகளும்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில், 1996இல் வெளிவந்த முதல் நூலின் முடிவில் தலைகாட்டி, 1998இல் வெளிவந்த இரண்டாம் நூலுக்குள்ளும் நெடுநாள் வானில் நீடிக்கிறது ஒரு செந்நிற வால்வெள்ளி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் அதை உலகெங்கும் அறியச் செய்தது. வெஸ்டெரோஸ், எஸ்ஸோஸ் என்னும் இரு கண்டங்களிலும் ஒரே காலத்தில் காணப்படும் அது, இரவில் மட்டுமன்றிப் பகலிலும் தெரிவதாகவும் இரத்தச் சிவப்பாய் ஒளிர்வதாகவும் கதை சொல்கிறது. டிராகன்கள் பறக்கிற, குளிர்காலம் பல ஆண்டுகள் நீளுகிற ஓர் உலகத்தில் வால்வெள்ளி மட்டும் இயற்பியலுக்குக் கட்டுப்பட வேண்டுமா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும், விதிகளை வைத்து உரசிப் பார்க்கும்போது, நம்ப முடியாதவையாகத் தோன்றும் இயல்புகள் பல தேறிவிடுவதும், எவரும் ஐயுறாத நிறம் தோற்றுவிடுவதும் கவனத்திற்குரியவை.

வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசியும் கலந்து இறுகிய, பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவே உள்ள ஓர் உருண்டை. இதை 'அழுக்குப் பனிப்பந்து' என்னும் கருத்தாக 1950இல் முன்வைத்தவர் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள். சூரியனை நெருங்கும்போது அதன் பனி நேரடியாக ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேற, உட்கருவைச் சுற்றி ஒளிரும் தலைப்பகுதியும், அதிலிருந்து இரண்டு வால்களும் உருவாகின்றன. மின்னேற்றம் பெற்ற வாயுத்துகள்களாலான அயனி வால், சூரியனிலிருந்து ஓயாது வீசும் துகள்களின் ஓட்டமாகிய சூரியக் காற்றினால் தள்ளப்பட்டு நேர்கோடாக நீள்கிறது. தூசி வால் சற்றே வளைந்து விரிகிறது. இரண்டுமே சூரியனுக்கு எதிர்த்திசையில் அமைவதால், வால்வெள்ளி சூரியனை விட்டு விலகிச் செல்லும்போது வால் முன்னே போக, தலை பின்தொடரும்.

வடகோடியிலுள்ள வின்டர்ஃபெல் கோட்டையிலிருந்தும் கடல்கடந்த பாலைநிலத்திலிருந்தும் ஒரே வால்வெள்ளி தெரிவதில் குறை காண ஏதுமில்லை. 1577இல் தோன்றிய பெரும் வால்வெள்ளியை ஹ்வேன் தீவிலிருந்து அளந்த டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே, தம் அளவீடுகளைப் பிராக் நகரத்து அளவீடுகளோடு ஒப்பிட்டார். பார்க்கும் இடம் மாறும்போது பொருளின் நிலை மாறித் தெரிவதை இடமாறு தோற்றம் என்பர். சந்திரனுக்குத் தெளிவாகத் தெரியும் அந்த மாற்றம் வால்வெள்ளிக்கு ஏறக்குறைய இல்லாததால், அது சந்திரனைவிட வெகு தொலைவில் இருப்பதாக அவர் முடிவு செய்தார். வால்வெள்ளி காற்றுமண்டலத்தில் எரியும் ஆவி என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து அதனால் ஆட்டம் கண்டது.

பகலில் தெரிவதும் நடந்திருக்கிறது. 1882 செப்டம்பரில் ஒரு பெரும் வால்வெள்ளி சூரியனை ஒட்டியே தெரிந்தது. 1965 அக்டோபரில் சூரியப் பரப்பிலிருந்து ஏறத்தாழ நாலரை இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்துசென்ற இகேயா–செகியை, சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு மக்கள் கண்டனர். 2007 ஜனவரியில் மெக்நாட் சில நாட்கள் பகலில் தெரிந்தது. மாதக்கணக்கில் நீடிப்பதற்கும் முன்மாதிரி உண்டு: 1811ஆம் ஆண்டின் வால்வெள்ளி ஏறத்தாழ ஒன்பது மாதங்களும், ஹேல்–பாப் 1996, 1997 ஆண்டுகளில் ஏறத்தாழ பதினெட்டு மாதங்களும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தன. சிக்கல் இவ்விரண்டும் ஒரே வால்வெள்ளிக்கு வாய்ப்பதில்தான் இருக்கிறது. பகல் வானத்தை வெல்லும் ஒளியைப் பெற அது சூரியனை மிக நெருங்க வேண்டும். நெருங்க நெருங்க அதன் வேகம் கூடும் என்பது கெப்ளர் கண்ட விதியாதலால், அந்த உச்ச ஒளி சில நாட்களில் முடிந்துவிடும். பூமியை நெருங்கி ஒளி பெறலாம் என்றால், 1996 மார்ச்சில் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்த ஹியாகுதாகே போல அதுவும் சில நாட்களில் வானத்தைக் கடந்து போய்விடும். எஞ்சும் ஒரே வழி உட்கரு மிகப் பெரியதாக இருப்பது. ஹாலி வால்வெள்ளியின் உட்கரு சுமார் பதினைந்து கிலோமீட்டர் நீளமுடையது. ஹேல்–பாப்பினுடையதோ சுமார் அறுபது கிலோமீட்டர் விட்டமுடையதென மதிக்கப்படுகிறது. அவ்வளவு பெரிதாயிருந்தும் ஹேல்–பாப் பகலில் தெரியவில்லை. ஆகவே மார்ட்டினின் வால்வெள்ளி அதையும் விஞ்சிய பேருருவாக இருந்தாக வேண்டும். அரிதுதான், ஆனால் விதிமீறல் அன்று.

நிறத்துக்கு இப்படி வழி கண்டுபிடிக்க முடியவில்லை. தூசி வால் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மஞ்சளாகத் தெரியும். அயனி வாலுக்குக் கார்பன் மோனாக்சைடு அயனிகள் நீலத்தையும், தலைப்பகுதிக்கு இரட்டைக் கார்பன் மூலக்கூறுகள் பச்சையையும் தருகின்றன. நீர் அயனிகள் சிவப்பு ஒளியை உமிழ்வது உண்மையே எனினும், அது வெறுங்கண்ணுக்குச் சிவப்பு வாலாகத் தெரியும் அளவுக்கு வலிமையானதன்று. சூரியனுக்கு மிக அருகில் ஆவியாகும் சோடியம் தருவது மஞ்சள் ஒளி. அடிவானத்தில் தாழ்ந்திருக்கும் வால்வெள்ளி மாலைச் சூரியனைப் போலவே சிவக்கக்கூடும். ஆனால் உச்சிவானில் அந்தச் சிவப்பு நில்லாது. அந்த உலகின் சூரியனே சிவப்பு என்று வைத்துக்கொண்டாலும் பயனில்லை, ஏனெனில் எல்லாப் பொருள்களும் அதே ஒளியில் தெரிவதால், கண் அதற்குப் பழகி, வால்வெள்ளியை மட்டும் தனியே சிவப்பாகக் காணாது.

ஆயினும் மனிதர் வால்வெள்ளியில் இரத்தத்தைக் கண்டிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே, 1528இல் தோன்றியதாகச் சொல்லப்பட்ட இரத்தநிற வால்வெள்ளியொன்றை வாளேந்திய கையோடும் வெட்டுண்ட தலைகளோடும் விவரித்தார். அது வடதுருவ ஒளியாக இருந்திருக்கலாம் என்பது பிற்காலத்தார் கருத்து. அச்சத்தின் நிறம் அது. மார்ட்டின் எடுத்துக்கொண்டதும் இந்த மரபைத்தான் என்று கருத இடமுண்டு.

அந்த மரபில் நாவல் காட்டும் துல்லியம் பாராட்டத்தக்கது. தலைநகரத்தார் அதை அரசன் ஜோஃப்ரியின் பெருமைக்குரியது என்கின்றனர். வடநாட்டுப் பிரபு ஒருவர் பழிவாங்கும் கொடி என்கிறார். கண் தெரியாத முதிய செவிலி டிராகன்களைப் பற்றிப் பேசுகிறாள். நாடிழந்த இளவரசி டெனேரிஸ் அதை வழிகாட்டியாகக் கொண்டு பாலையைக் கடக்கிறாள். 1066இல் ஹாலி வால்வெள்ளி தோன்றியபோது, அதே ஆண்டில் முடிசூடிய இங்கிலாந்து மன்னர் ஹெரால்டுக்கு அது கேடாகவும், அவரை வென்ற நார்மண்டியின் வில்லியமுக்கு நற்குறியாகவும் பொருள் கொள்ளப்பட்டது. பையூ திரைச்சீலையில் மக்கள் அதைச் சுட்டிக்காட்டி நிற்கும் காட்சி இன்றும் உள்ளது. அறிவியல் வளர்ந்த பின்னரும், 1910இல் பூமி ஹாலியின் வாலுக்குள் நுழையும் என்றும் அதில் சயனோஜன் என்னும் நச்சுவாயு உண்டு என்றும் செய்தி பரவியபோது, அதற்கு மாற்று மருந்தென மாத்திரைகள் விற்பனையாயின. வால் மிக மெல்லியதாதலால் எவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை.

ஹாலி வால்வெள்ளி 2061இல் மீண்டும் சூரியனை நெருங்கும். அன்று வானத்தைப் பார்ப்பவர் அதில் வெண்மஞ்சளையும் நீலத்தையும் எதிர்பார்க்கலாம், சிவப்பை அல்ல.