துருக்மெனிஸ்தான்: விந்தையும் வேதனையும்

சிலருக்குத் தபால்தலை சேர்ப்பதில் மோகம். சிலருக்குக் கிரிக்கெட் கணக்குகளை மனப்பாடம் செய்வதில் மோகம். எனக்கு வாய்த்த பித்து சற்று விசித்திரமானது. துருக்மெனிஸ்தான் என்னும் தேசத்தைப் பற்றி எங்கே ஒரு துணுக்கு வந்தாலும் அதைப் படித்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பேன். அந்நாட்டை நான் கண்டதில்லை. அயலாரை எளிதில் உள்ளே விடாத நாடு அது. ஆயினும் தொலைவென்று சொல்வதற்கில்லை. டெல்லியிலிருந்து சென்னைக்கு நாம் ரயிலில் செல்லும் தூரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் வான்வழியே வடமேற்கில் சென்றால் அதன் தலைநகரான அஷ்காபாத் வந்துவிடும்.

இப்பித்து என் உத்தியோகத்தினால் விளைந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் காலத்தில், 1880-இல் தொடங்கி, காஸ்பியன் கடலோரத்திலிருந்து பாலைவனத்தினூடே ஒரு ரயில் பாதை அமைத்தார்கள். அதைப் பற்றிப் படிக்கையில், கிராஸ்னோவோத்ஸ்க் என்னும் கடற்கரை நிலையத்தைப் படத்தில் தேடினேன்; காணவில்லை. அந்த இடத்தில் ‘துர்க்மன்பாஷி’ என்றிருந்தது. ‘துருக்மானியரின் தலைவர்’ என்று பொருள்படும் அப்பெயர், 1991-இல் சோவியத் ஆட்சியினின்று விடுதலை பெற்ற அந்நாட்டின் முதல் அதிபர் சபர்முராத் நியாசொவ் பூண்ட பட்டம். 1993-இல் அதே பட்டம் அவ்வூருக்கும் பெயராயிற்று. ஊர்ப் பெயர் மாறுவது நமக்குப் புதிதன்று. ஆனால் உயிரோடிருக்கும் ஆட்சியாளர் தம் பட்டத்தையே ஊருக்குச் சூட்டியது என் ஆவலைக் கிளறிவிட்டது.

தோண்டத் தோண்ட விந்தைகள் வந்தன. 2002-இல் அவர் மாதங்களின் பெயர்களை மாற்றினார். ஜனவரிக்குத் தம் பட்டம். ஏப்ரலுக்குத் தம் அன்னையின் பெயர். செப்டம்பருக்குத் தாம் இயற்றியதாகச் சொல்லப்பட்ட ‘ருஹ்நாமா’ என்னும் நூலின் பெயர். அந்நூலில் தேறாதவர் மோட்டார் ஓட்டும் உரிமம் பெற முடியாது. மும்முறை படித்தவருக்குச் சொர்க்கம் நிச்சயம் என்றும் அவரே அறிவித்தார். 2005-இல் அந்த நூல் ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்கும் போயிற்று. தலைநகரில் 75 மீட்டர் உயரமுள்ள வளைவின் உச்சியில் பொன்முலாம் பூசிய அவரது சிலை நின்று, சூரியகாந்தி மலரைப்போல் நாள்முழுதும் கதிரவனை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

தேநீர் வேளையில் இவற்றை நான் எடுத்துச் சொன்னால் ஆபீசே சிரிக்கும். “அடுத்த கதை என்ன?” என்று கேட்பார்கள். அந்தப் புகழில் எனக்கும் சற்று மயக்கம் இருந்தது.

ஒருநாள், பணி ஓய்வு பெற்ற எங்கள் தலைமைக் குமாஸ்தா ஏதோ காரியமாக வந்திருந்தார். அன்றைய கதை பென்ஷனைப் பற்றியது. 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியாசொவ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் பென்ஷனை நிறுத்தினார். முன்பு வாங்கிய தொகையையே திருப்பிக் கட்டும்படியும் பலருக்கு உத்தரவாயிற்று. இதையும் நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை.

“ஏன் தம்பி, லட்சம் பேர் பென்ஷனையும் அதிபரே தம் கையால் அடித்திருப்பாரா? ஒவ்வொரு பெயர்மேலும் ஒரு கோடு கிழிக்க வேண்டுமே. அந்தக் கோட்டைக் கிழித்த குமாஸ்தா என்ன நினைத்திருப்பான்?” என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அன்றிரவு வீட்டில் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான் ஒரு வரியில் எழுதிக் கடந்திருந்தவை அப்போதுதான் கண்ணில் பட்டன. 2004-இல் சுமார் 15,000 மருத்துவ ஊழியர்கள் வேலை நீக்கம். 2005-இல் தலைநகருக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளை மூட ஆணை. கிராம நூலகங்களுக்கும் அதே கதி. பள்ளிப் படிப்பு பத்தாண்டிலிருந்து ஒன்பதாகக் குறைப்பு. வறுமையால் பத்தாவதோடு நின்றவன் நான். அங்கே பத்தாவதையே ஒரு கையெழுத்து பறித்துவிட்டது.

அந்தக் குமாஸ்தா மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒகுல்சபர் முராதோவா என்னும் பெண்மணி அயல்நாட்டு வானொலிக்குச் செய்தி அனுப்பிவந்தார். 2006 ஜூனில் கைதாகி, ஆகஸ்டில் ஆறாண்டுத் தண்டனை பெற்று, செப்டம்பரில் சிறைக்காவலிலேயே உயிர் நீத்தார். இதைப் படித்தபின், அவன் நிலையில் நான் இருந்தால் கோடு கிழிக்க மறுத்திருப்பேன் என்று மார்தட்ட எனக்குத் துணிவில்லை. நானும் பெண்டு பிள்ளைகளை உடையவன்.

நியாசொவ் 2006 டிசம்பர் 21-இல் மறைந்தார். பல் மருத்துவரான குர்பாங்குலி பெர்திமுகமதொவ் 2007-இல் அதிபரானார். பென்ஷனும் பத்தாம் வகுப்பும் திரும்பின. 2008-இல் மாதங்களும் பழைய பெயர்களைப் பெற்றன. நல்ல காலம் பிறந்ததென்று எண்ணினேன். 2015-இல் குதிரைமேல் அமர்ந்த அவரது பொற்சிலை தலைநகரில் எழுந்தது. 2020-இல் உலகமே கொரோனாவால் தவித்தபோது, தங்கள் நாட்டில் ஒருவருக்கும் அந்நோய் இல்லையென்று அரசாங்கம் சாதித்தது. 2022-இல் அவர் மகன் செர்தார் அதிபர் பதவி ஏற்றார்.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவே கோடிட்டுப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கத்தில் விந்தை, வலப்பக்கத்தில் அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் விவரம். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். இவ்வளவு நாளும் நான் பூனையின் கொண்டாட்டத்தை மட்டுமே எழுதிவந்திருக்கிறேன்.

அன்பர்களே, இத்தகைய கதைகளைக் கேட்டுச் சிரிக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அங்குள்ளவர்கள் வாய்விட்டுச் சிரிக்க முடியாததால், தொலைவிலிருக்கும் நாமாவது சிரிப்போம். சிரித்து முடித்தபின், பெரியவர் கேட்ட கேள்வியை ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம்மிற் பலர் ஏதோ ஒரு பேரேட்டில் எழுதிப் பிழைப்பவர்கள்தாமே!