பக்கத்து பெஞ்சில் இருக்கும் ஆசிரியர்

பொறியியல் படிக்க வருபவர் முதலாண்டிலேயே கடக்க வேண்டிய பெரிய ஆறு, கால்குலஸ் எனப்படும் நுண்கணிதம். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், இந்த ஆற்றில் தத்தளித்தவர்களில் கறுப்பின மாணவர்கள் அதிகம். பள்ளியில் நன்றாகப் படித்து, அந்தப் புகழ்பெற்ற வளாகத்துக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். அதே வகுப்பில் சீன வம்சாவளி மாணவர்களோ நல்ல மதிப்பெண் வாங்கினார்கள்.

அப்போது அங்கே கணித ஆய்வு மாணவராக இருந்தவர் யூரி டிரைஸ்மன். இதற்கு என்ன காரணம் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். வறுமை, பள்ளியில் சரியாக விழாத அடித்தளம், ஆர்வக் குறைவு, வீட்டில் ஊக்கமின்மை என்று நான்கு விடைகள் வந்தன. டிரைஸ்மன் அதோடு நிற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்கள், 20 சீன வம்சாவளி மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன நான்கு காரணங்களும் நிற்கவில்லை.

கறுப்பின மாணவர்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்கள். கொடுத்த கணக்குகளைப் போட்டார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒன்றாகக் கூடினார்கள். ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார். எல்லோருக்கும் வந்த விடை தனக்கு மட்டும் வராவிட்டால், தன் தவறு எங்கே என்று தேடினார்கள். ஒருவருக்குமே வராவிட்டால், கணக்கே கடினம் என்று புரிந்துகொண்டார்கள். தனியாகப் படித்தவருக்கு இந்த ஆறுதல் கிடைக்கவில்லை. கணக்கு வராதபோதெல்லாம் குறை தன்னிடம்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இதைக் கண்ட டிரைஸ்மன் ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான ‘சிறப்பு வகுப்பு’ என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. எளிய கணக்குகளையும் தரவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து பேசிப் போடச் சொன்னார். பட்டறைக்கு வந்தவர்களின் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. அந்த முறை பிறகு பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பரவியது.

முதலாண்டு மாணவிக்கு ஓர் அக்கா

பாடம் புரிவது ஒன்று, ‘இது என் இடம்’ என்று தோன்றுவது இன்னொன்று. இரண்டாவதை ஆராய்ந்தவர்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த டாரா டென்னஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும். பொறியியலில் சேர்ந்த 150 முதலாண்டு மாணவிகளை அவர்கள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் ஒவ்வொருவருக்கும் வழிகாட்டியாக ஒரு சீனியர் மாணவி. இரண்டாம் பிரிவினருக்கு சீனியர் மாணவர். மூன்றாம் பிரிவினருக்கு யாரும் இல்லை. இந்த ஏற்பாடு முதலாண்டுக்கு மட்டும்தான்.

ஆண்டு முடிவில், வழிகாட்டி இல்லாதவர்களில் 11 சதவீதம் பேர் பொறியியலை விட்டு விலகியிருந்தார்கள். சீனியர் மாணவர் வழிகாட்டிய பிரிவில் 18 சதவீதம். சீனியர் மாணவி வழிகாட்டிய பிரிவில் ஒருவர்கூட விலகவில்லை.

முதலாண்டில் நீடிப்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்பது இந்த ஆய்வின் முக்கியமான முடிவு. மற்ற இரு பிரிவுகளிலும் மாணவிகளின் தன்னம்பிக்கையும் ‘நானும் இங்கே ஒருத்தி’ என்ற உணர்வும் நாளாக ஆகக் குறைந்தன. அக்கா கிடைத்தவர்களிடம் அவை குறையாமல் நின்றன. தாஸ்குப்தா இதைத் தடுப்பூசிக்கு ஒப்பிடுகிறார். முதலாண்டில் ஒருமுறை போட்டால் போதும், பிறகு வரும் சோர்வைத் தாங்கும் வலிமை கிடைத்துவிடுகிறது. அந்த மாணவிகளைப் பட்டம் பெறும் வரையிலும் அதற்குப் பிறகும் பின்தொடர்ந்து, 2022இல் வெளியிட்ட ஆய்விலும் பலன் நீடிப்பது தெரிந்தது.

2015இல் வெளியான தாஸ்குப்தா குழுவின் இன்னோர் ஆய்வு, நான்கு பேர் கொண்ட பொறியியல் குழுக்களைப் பார்த்தது. மூவர் பெண்களாக இருந்த குழுவில் மாணவிகள் அதிகமாகப் பேசினார்கள். மூன்று ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக இருந்தபோது பேச்சு குறைந்தது. லேப் குழுக்களைப் பதிவெண் வரிசையில் பிரித்துவிட்டு மறந்துவிடுகிற கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் வரும் தெளிவு

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1991 முதல் வகுப்பில் ஒரு முறையைக் கையாண்டார். ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனித்தனியே விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்ல வேண்டும். கடைசியில் மறுபடியும் விடை தர வேண்டும். இரண்டாம் முறை சரியான விடைகள் கூடும். பாடத்தில் ஊறிய பேராசிரியருக்கு, தொடக்கத்தில் தனக்கு எது புரியாமல் இருந்தது என்பது மறந்துபோயிருக்கும். சற்றுமுன் புரிந்துகொண்ட மாணவருக்கு அந்தச் சிக்கல் இன்னும் நினைவிருக்கிறது.

மாணவர்கள் பேசியும் செய்தும் கற்கும் இத்தகைய வகுப்புகளை, விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டவை 225 ஆய்வுகள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைச் சேர்ந்த அவற்றைத் தொகுத்து 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு ஒரு கணக்கு தந்தது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம். மற்றவற்றில் 21.8 சதவீதம்.

எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கும் இது தெரிந்திருந்தது. ஆசிரியர் சொல்வதைச் சரியாக உள்வாங்கினாலும் கால் பங்கு அறிவுதான் வரும். உடன் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால் பங்கு வரும். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் நிறையும் என்கிறது அந்த இலக்கண நூல்.

ஒருவர் எழுதிய அசைன்மென்ட்டை நான்கு பேர் பார்த்து எழுதுவது சேர்ந்து படிப்பது ஆகாது. பெர்க்லியின் சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாக முயன்ற பிறகே கூடினார்கள். மசூரின் வகுப்பிலும் முதல் விடை அவரவருடையது. தன் முயற்சி முன்னால், தோழமை பின்னால் என்ற வரிசை மாறினால் பலன் இல்லை.

மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களே, உங்கள் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருவரை இந்த வாரம் தேடிப் போய்ப் பேசுங்கள். முதல் செமஸ்டரில் உங்களுக்கு வராத கணக்கைப் பற்றிச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் படிப்பை விடாமல் தொடர்வதற்கு அது போதுமானதாக இருக்கலாம்.