ஒரு ரூபாய்க்கு மூன்று முகம்

கல்யாணப் பத்திரிகைகளில் ஆண்டின் பெயரை ஒட்டி ௵, மாதத்தை ஒட்டி ௴, தேதியை ஒட்டி ௳ என்ற குறிகள் இன்றும் அச்சாகின்றன. எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் வருஷம், மாதம், நாள் என்று எல்லோரும் சரியாகவே வாசித்துவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு: ௹. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று குறித்த பழைய கணக்கு நோட்டுகளில் ரூபாய்க்கு இதுதான் அடையாளம். போட்டி வைத்து, பரிசு கொடுத்து வாங்கியதல்ல. கணக்குப்பிள்ளைகளின் கை வேகத்தில் தானாக உருண்டு திரண்ட லோகோ.

மத்திய அரசு போட்டி வைத்தது 2009இல். அதுவரை இந்திய ரூபாய்க்கு உலகச் சந்தையில் இருந்தது 'ஆர்எஸ்' என்ற ஆங்கிலச் சுருக்கம்தான். பாகிஸ்தான், இலங்கை, நேபாள ரூபாய்களுக்கும் அதே சுருக்கம். வந்து குவிந்த 3,000க்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேறின. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். வென்றவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்துவிட்டு மும்பை ஐஐடிக்கு வடிவமைப்பு படிக்கப் போனவர் அவர். மாணவராக இருந்தபோதே 'பராசக்தி' என்றொரு தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் தமிழின் தொடக்க கால அச்செழுத்துகளைத்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி வரும் மரபு அது. வளைவும் சுழியுமான தமிழ் எழுத்தில் ஊறிய அந்தக் கை, தமிழுக்கு இல்லவே இல்லாத ஒன்றைப் போட்டிக்குக் கொண்டுபோனது: நாகரி எழுத்தின் தலைக்கோடு.

நாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் இரண்டின் மேல்வளைவும் சாய்ந்த காலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 'ஆர்' எழுத்தின் செங்குத்துத் தண்டு மட்டும்தான் இடைஞ்சல். அதை வெட்டி எறிந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மேலே இரட்டைக்கோடு; அது சமக்குறி, சமநிலைக்கு அடையாளம். கோடுகளும் நடுவே உள்ள வெளியும் மூவர்ணக் கொடி. விளக்கங்கள் இருக்கட்டும், அந்தத் தண்டை எடுத்ததில்தான் சாமர்த்தியம். தென்னிந்திய எழுத்துகளின் சாயல் இதில் துளியும் இல்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் பார்த்த கணத்தில் இது பணம் என்று தெரிகிறது. ஒரு நாணயக் குறியிடம் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தானே?

வரைந்தால் மட்டும் போதாது. யூரோவுக்கு 1996இல் குறி அறிவித்த ஐரோப்பிய ஆணையம், கோணமும் கனமும் இவ்வளவு என்று அளவெடுத்துக் கொடுத்தது. எழுத்துரு வடிவமைப்பாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. தங்கள் எழுத்துருவின் உடல்வாகுக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். ரூபாய்க்கும் அதே வேலை காத்திருந்தது. கணக்கு அட்டவணையில் எல்லா எண்களும் ஒரே அகலம். பக்கத்தில் நிற்கும் குறியும் அந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். தடித்த எழுத்தில், அதுவும் பொடி அளவில், மேலிருக்கும் இரண்டு கோடுகளும் மை தேங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். இடைவெளியைக் கூட்டினால் கீழ் வளைவு நசுங்கும். ஒவ்வொரு எழுத்துருவிலும் இந்தப் பேரம் புதிதாக நடக்கிறது.

விசைப்பலகையிலும் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே மங்களூர் நிறுவனமொன்று, அதிகம் தட்டப்படாத ஒரு விசையில் குறியை உட்கார வைத்து இலவச எழுத்துரு வெளியிட்டது. அவசர வைத்தியம்தான், அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பினால் ரூபாய்க்குப் பதில் வேறேதோ தெரியும். 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0இல் தனி எண் கிடைத்த பிறகே இந்தக் குழப்பத்துக்கு வழி பிறந்தது. மறு ஆண்டே நாணயங்களிலும் குறி ஏறியது.

காய்கறிக் கடைச் சிலேட்டுக்கு மட்டும் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அங்கே தக்காளி கிலோ 40/-தான். அந்தச் சாய்கோடு பிரிட்டிஷ்காரர்களின் ஷில்லிங், பென்ஸ் கணக்கு விட்டுப்போன எச்சம். ஷில்லிங் செத்தும் கோடு சாகவில்லை.

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் ₹ குறியை விட்டுவிட்டு 'ரூ' என்று போட்டது. இந்தித் திணிப்புக்கு எதிரான வாதங்கள் சூடாக இருந்த நேரம். டெல்லி வரை சர்ச்சை வெடித்தது. நீக்கப்பட்ட குறியை வரைந்தவரின் தந்தை திமுகவின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்பது செய்தியாளர்களுக்குக் கூடுதல் தீனி. ₹ பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 2003இல் யூனிகோடில் இடம்பிடித்துவிட்ட தமிழ் ரூபாய்க் குறி ஒன்று கையிலேயே இருந்தது. இலச்சினையில் ஏறியது 'ரூ', ௹ அல்ல.