மூலையில் தொடங்கும் போர்வை

இலங்கையின் கிழக்குக் கரையில், ஆலையடிவேம்பில் இருந்துகொண்டு கம்பளிப் போர்வை பின்னுவதைப் பற்றி எழுதினால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். தை மாத இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான கரை இது. சித்திரை வெயிலில் மெல்லிய சேலையே உடம்பில் பாரமாகத் தெரியும். ஆனால் மாரி வேறு கதை. அடைமழை பிடித்துக்கொண்டால் வயல்வெளி கடலாகி, கோளாவிலிலும் பனங்காட்டிலும் முற்றத்துக்குத் தண்ணீர் வந்து, கடற்காற்று ஈரத்தோடு யன்னலால் நுழையும். அப்போது வயது போனவர்களும் பச்சைப் பிள்ளைகளும் போர்வையைத் தேடுவார்கள். அந்த மாரிக்குள்ளேதான் நத்தாரும் வருகிறது, மழை ஓய்கிற நேரத்தில் தைப்பொங்கலும் வருகிறது. ஆகவே பண்டிகைப் போர்வை என்பது இங்கே அவ்வளவு அந்நியமான சரக்கு இல்லை. அதில் பனித்துளியையும் கலைமானையும் போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மேற்கு நாடுகளில் டிசம்பர் நெருங்கினால் குரோசே ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் பலரும் ஒரு நத்தார்ப் போர்வையில் கைவைப்பார்கள். அதற்கு அவர்கள் விரும்பி எடுக்கும் முறைகளில் ஒன்று, மூலையிலிருந்து மூலைக்குப் பின்னுவது. வழக்கமான போர்வையில் அகலம் முழுவதற்கும் முதலிலேயே சங்கிலி போட வேண்டும். இருநூறு சங்கிலி போட்டு, எண்ணிக்கை தவறி, குலைத்து, மறுபடி போட்டு அலுத்தவர்களுக்கு அதன் வேதனை தெரியும். மூலை முறையில் அந்தத் தொல்லை இல்லை. தொடக்கத்துக்கு ஆறு சங்கிலி போதும்.

ஆறு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் ஒரு ட்ரெபிள் தையல், அடுத்த இரண்டிலும் ஒவ்வொன்று. எஞ்சிய மூன்று சங்கிலி நாலாவது காலாக நிற்க, சின்னக் கட்டம் ஒன்று கிடைக்கும். இதுதான் போர்வையின் மூலை. அடுத்த வரிசைக்கு மறுபடி ஆறு சங்கிலி, அதன்மேல் அதேபோல ஒரு கட்டம். பிறகு பழைய கட்டத்தைத் திருப்பி, அதன் மூன்று சங்கிலி இடைவெளியில் நழுவுதையல் ஒன்றால் பிணைத்து, மூன்று சங்கிலி போட்டு, அதே இடைவெளிக்குள் மூன்று ட்ரெபிள். இப்போது இரண்டு கட்டம். மூன்றாம் வரிசையில் மூன்று, நாலாம் வரிசையில் நாலு என்று துணி குறுக்காக விரியும். போதிய அகலம் வந்ததும் வரிசைத் தொடக்கத்தில் ஆறு சங்கிலி போடுவதை விட்டு, கடைசிக் கட்டத்தின் தலையில் மூன்று நழுவுதையல் போட்டு நகர்ந்து தொடங்கி, வரிசை முடிவில் எஞ்சும் கட்டத்தின்மேல் புதுக் கட்டம் போடாமல் நிறுத்தினால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் குறையும். எதிர் மூலையில் ஒற்றைக் கட்டத்தோடு வேலை முடியும். நீள்சதுரம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் குறைத்துக்கொண்டே மறுபக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பிரித்தானியப் புத்தகத்தில் ட்ரெபிள் என்று இருக்கும் தையல், அமெரிக்கப் புத்தகத்தில் டபுள் குரோசே. கைக்குக் கிடைத்த மாதிரிப்படம் எந்த நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் தொடங்கினால் போர்வை கால்மிதியாகவும் முடியலாம், பந்தல் விரிப்பாகவும் முடியலாம்.

இந்த முறை இந்தக் கரைப் பெண்களுக்குக் கைக்கு வாய்ப்பது கடினமல்ல என்று நான் நினைப்பதற்குக் காரணம் பாய். ஓலைப்பாய் இழைக்கிறவர்கள் மூலையில் பிடித்துத்தான் குறுக்காக இழைத்துக்கொண்டு போகிறார்கள்; அகலம் வந்ததும் ஓரத்தை மடித்துத் திருப்புகிறார்கள். போர்வையிலும் ஒரு வரிசைக் கட்டங்கள் நிமிர்ந்தும் அடுத்த வரிசைக் கட்டங்கள் படுத்தும் கிடப்பதால், முடிந்த துணியைத் தள்ளி நின்று பார்த்தால் பாயின் முகம் தெரியும். ஓலையின் இடத்தில் நூல், விரலின் இடத்தில் ஊசி.

படம் போடுவதற்கும் இந்த முறை தோது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால், சதுரக் கோட்டுத் தாளில் பென்சிலால் நிழலிட்ட எந்த உருவமும் போர்வையில் ஏறும். தாளில் உருவம் நேராக நிற்கும். பின்னுகிறவர் மட்டும் அதைக் குறுக்காக வாசிக்க வேண்டும், ஒரு வரிசை கீழிருந்து மேல், அடுத்தது மேலிருந்து கீழ். முடித்த வரிசையைக் கோடிட்டு அடிக்காவிட்டால் பானையின் வாய் ஒரு பக்கம் கோணும்.

எதைப் போடுவது? பானை வரும், கரும்பு நன்றாக வரும். குத்துவிளக்கு மிக நன்றாக வரும், அதன் உடல் படிபடியாக அமைந்திருப்பதால். நேர்கோட்டுக் கோலங்களும் வரும். பிறை கொஞ்சம் அடம்பிடிக்கும். வளைவு என்பது கட்டங்களில் படிக்கட்டாகத்தான் தெரியும், ஆகவே பிறையைச் சிறிதாகப் போடக்கூடாது. இருபது கட்டத்துக்குக் குறைந்தால் அது வாழைப்பழமாகிவிடும். நத்தார் நட்சத்திரத்தை எட்டு முனையாகப் போட்டால் அழகு, ஐந்து முனை சரிவராது. சுளகு, நெற்கதிர், தோணி எல்லாம் முயன்று பார்க்கத் தக்கவை. பனிமனிதனை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நெல்வயல் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு அவன் யாரென்று விளக்கவே ஒரு மாரி போய்விடும்.

பிறை என்றதும் ஒரு நாட்கணக்கு. தமிழர் வாழும் ஆலையடிவேம்பும் முஸ்லிம்கள் வாழும் அக்கரைப்பற்றும் ஒரே வீதியில் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15 என்று அசையாமல் நிற்க, நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்கிறது. 2025இல் மார்ச் கடைசியில் வந்தது. அப்படியே நகர்ந்தால், 2032 ஜனவரி நடுவில் பொங்கலும் பெருநாளும் ஏறக்குறைய ஒரே நாட்களில் விழும். பிறை கண்டு முடிவாவது ஒருநாள் முன்பின் ஆகலாம். போர்வை பின்னி விற்க நினைக்கும் குழுவுக்கு அது கொண்டாட்டமும்தான், திண்டாட்டமும்தான். பானைக்கும் பிறைக்கும் கேள்வி ஒரே மாதத்தில் வரும், முந்திய ஆவணியிலேயே ஊசி எடுத்தாக வேண்டும்.

ஏன் அவ்வளவு முந்தி? எண்ணிப் பார்க்கலாம். தடித்த நூலும் ஐந்து மில்லிமீற்றர் ஊசியும் என்றால் ஒரு கட்டம் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். பக்கத்துக்கு 60 கட்டம் வைத்தால் 120 சென்ரிமீற்றர்ச் சதுரப் போர்வை. மடியில் போட்டுக்கொள்ளவும், பிள்ளையைப் போர்த்தவும் போதும். மொத்தம் 3,600 கட்டம், 119 குறுக்கு வரிசை, 10,800 ட்ரெபிள். கை பழகியவர் ஒரே நிறத்தில் ஒரு கட்டத்தை அரை நிமிடத்தில் முடிப்பார் என்று வைத்தாலும் 30 மணித்தியாலம். நடு வரிசையை எட்டும்போது 1,830 கட்டம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடக் குட்டையாவதால் வேலை ஓடும். இந்த முறையில் ஊறியவர்கள் எல்லாருக்கும் அந்தத் திருப்பத்தில் ஓர் உற்சாகம் பிடிக்கும்.

நிறம் மாறத் தொடங்கினால் இந்தக் கணக்கு உடையும். போர்வையின் நடுவே 20க்கு 20 கட்டத்தில் வேறு நிறச் சதுரம் ஒன்று வருகிறதென்று வைப்போம். அதை 39 குறுக்கு வரிசைகள் கடக்கும். ஒவ்வொன்றிலும் நுழையும்போது ஒரு நிறமாற்றம், வெளியேறும்போது ஒன்று, ஆக 78. ஒவ்வொரு முறையும் நூலை வெட்டினால் மாற்றத்துக்கு இரண்டாக 156 நூல்முனை தொங்கும். வெட்டாமல் இருக்க, இடப்பக்கத்து நிலத்துக்கு ஓர் உருண்டை, உருவத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று மூன்றையும் சின்ன அட்டைகளில் சுற்றித் தொங்கவிட்டுப் பின்னுவார்கள். இது வெறும் சதுரத்துக்கு. பானையும் பொங்கி வழியும் நுரையும் மூன்று கரும்பும் என்றால் அட்டைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, அதைச் சிக்கெடுப்பதற்கே தனி நேரம் வேண்டும்.

தனியாள் வேலை பெருங்கூட்டத்தின் வேலையானால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு, 2016 ஜனவரி 31ஆம் திகதி 11,148.5 சதுர மீற்றர்ப் போர்வையை விரித்து உலகின் மிகப்பெரிய குரோசேப் போர்வை என்று கின்னஸில் பதிந்தது. அதற்கு முந்திய சாதனை தென்னாபிரிக்காவில், நெல்சன் மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து ‘67 போர்வைகள்’ என்ற பெயரில் தொடங்கிய இயக்கத்தினுடையது. 2015இல் அவர்கள் விரித்தது 3,000 சதுர மீற்றரை மட்டுமே தாண்டியிருந்தது. சென்னையும் குளிர் ஊர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பலர் வீட்டில் இருந்து பின்னிய துண்டுகளைச் சேர்த்துத்தான் பெரும்போர்வை ஆனது. ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி நூல், ஒரே அளவுத் துண்டு என்ற ஒழுங்கு இல்லாமல் இது நடக்காது.

தமிழ்ப் பெண்களின் கையில் நூலும் கொக்கியும் ஊசியும் வந்த பாதையும் நீளமானதுதான். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரியான மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளின் விடுதிப் பாடசாலையில் தலையணையில் குண்டூசி குத்திப் பின்னும் றேந்தை வேலையைக் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, றொபேர்ட் கால்ட்வெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடப் போனது. நம் நாட்டின் தென்கரையில், காலியிலும் வெலிகமையிலும், போர்த்துக்கேயர் காலத்தோடு வந்ததாகச் சொல்லப்படும் பீரளு றேந்தை இன்னும் பின்னப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் தையலும் பாடமாக இருந்தது. குரோசே இவற்றுக்குப் பிந்தியது, எளியது. தலையணையும் வேண்டாம், நூல் சுற்றும் மரக்கட்டைகளும் வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும் ஓர் ஊசி போதும். இன்றுவரை கைக் குரோசேயை அப்படியே பின்னும் இயந்திரம் ஆலைகளுக்கு வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோசேச் சட்டைக்குப் பின்னாலும் எங்கோ ஒருத்தியின் விரல் இருக்கிறது.

அந்த விரலுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு நரசாப்பூரைப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் கோதாவரி முகத்துவாரப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து மிஷனரிகள் விதைத்த குரோசே றேந்தை, பிறகு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் பிற்பகுதியில் அங்கே போய்ப் பெண்களோடு இருந்து ஆராய்ந்து, 1982இல் நூலாக வெளியிட்டார். வயலுக்குப் போவது குடும்ப மதிப்புக்குக் குறைவு என்று வீட்டுக்குள் இருத்தப்பட்ட பெண்கள், சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே நாளுக்குப் பல மணித்தியாலம் பின்னினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வயல்வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. காரணம், அது வேலையாகவே எண்ணப்படவில்லை. ‘சும்மா இருக்கிற நேரத்தில்’ செய்வது என்றே வியாபாரியும் கணவனும் நினைத்தார்கள், பல பெண்களும் அப்படியே நம்பினார்கள். நரசாப்பூர் றேந்தைக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் காவல் கிடைத்தது நல்லதுதான். கூலிக்குக் காவல் அதனால் தானாக வந்துவிடாது.

‘சும்மா இருக்கிற நேரம்’ என்ற பேச்சு நம் கரையிலும் உண்டு. வாசலில் இருந்து பாய் இழைக்கும் பெண்ணிடமும், தறிக்கு நூல் சுற்றும் பெண்ணிடமும் எத்தனை மணித்தியாலம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. மூலைப் போர்வைக்கு இங்கேதான் ஒரு வசதி இருக்கிறது. அது எண்ணக்கூடிய வேலை. றேந்தையில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இங்கே தாளிலேயே 3,600 கட்டம் கண்முன் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு இவ்வளவு என்று விலை பேசலாம். பேரம் பேசுகிறவர் விலையைக் குறைக்கச் சொன்னால் ‘எந்தக் கட்டத்தைக் குறைக்கட்டும்?’ என்று படத்தை நீட்டலாம். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

நூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது அக்ரிலிக். நிறம் மங்காது, மாரியிலும் சீக்கிரம் காயும், விலையும் தாங்கும்; ஆனால் வியர்வையை உறிஞ்சாது, மார்கழி தாண்டினால் பெட்டிக்குள் போய்விடும். பருத்தி ஆண்டு முழுவதும் உதவும், படுக்கை விரிப்பாகவும் கிடக்கும். வடக்கே கல்முனைக்கு அப்பால் மருதமுனை இருக்கிறது, சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன கைத்தறி ஊர். தறிநூல் மெல்லியது, தனி இழையாகப் பின்ன முடியாது. நாலைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் ஊசிக்கு ஏற்ற தடிப்பு வரும், இரு நிற இழை கலந்தால் புதிய நிறமே பிறக்கும். தறியில் மிஞ்சும் துண்டுநூல் நிறமாற்றக் கட்டங்களுக்குப் பயன்படும். பருத்திப் போர்வையைக் கழுவினால் மட்டும் கொடியில் தொங்கவிடக்கூடாது. ஈரப் பாரத்தில் குறுக்காக இழுபட்டு மூலை நீண்டுவிடும். பாயில் பரப்பிக் காயவிட வேண்டும்.

விலை பேசும்போது விடுபடுகிற வேலை இரண்டு. ஒன்று கரை. மூலை முறையில் ஓரம் பல்லுப் பல்லாக நிற்கும், நாலு பக்கமும் ஒரு சுற்றாவது பின்னினால்தான் நேராகும். மற்றது நூல்முனைகளை உள்ளே செருகுவது. பெரிய கண்ணுள்ள தையலூசியால் ஒவ்வொரு முனையையும் பின்னலுக்குள் ஒரு தடவை போக்கி, திருப்பி மறுபக்கம் ஒரு தடவை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் கழுவலில் பானை பிரியத் தொடங்கும். முனைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 156 முனைக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல். ஆகவே விலைச்சீட்டில் வெறுங்கட்டத்துக்கு ஒரு வீதம், நிறம் மாறும் கட்டத்துக்கு அதைவிடக் கூடிய வீதம், கரைக்குத் தனியாக, முனைக்குத் தனியாக என்று நாலு வரி இருக்கட்டும். நூல்விலை ஐந்தாவது வரி.