புகாராவுக்குப் போவோமா, சகோதரிகளே?

பிரயாணம் என்றதும் நமது பெண்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று ஹஜ், உம்றா. மற்றையது கல்யாண வீடும் மய்யித்து வீடும். இவற்றுக்கு அப்பால், உலகத்தைப் பார்த்து அறிவதற்காகவே தோழிகள் சிலர் கூடிப் புறப்படலாம் என்றால், "அதெல்லாம் வெள்ளைக்காரர் வேலை" என்று சொல்லிவிடுகிறோம். அறுகம்பையிலும் எல்லவிலும் முதுகுப்பையோடு திரியும் வெளிநாட்டு இளைஞர்களைக் கண்டு நாம் சிரிப்பதும் உண்டு.

ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்ப்பது நமக்குப் புதியதா? 1325 ஆம் ஆண்டில், தமது 21 ஆவது வயதில், மொரோக்கோவின் தஞ்சீர் நகரிலிருந்து புறப்பட்டவர் இப்னு பதூதா. 1344 இல் அவர் நமது நாட்டுக்கும் வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாகவே புகாராவையும் சமர்கந்தையும் பார்த்திருந்தார். அந்த இரு நகரங்களும் இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கின்றன. தோழியர் மூவர், அவர்களோடு ஒருவரின் கணவர், இன்னொருவரின் தம்பி என்று ஒரு சிறு குழுவாகப் போய்வர ஏற்ற நாடு அது. பெண்களின் பிரயாணத்தில் மார்க்கம் பேணச் சொன்னவற்றைப் பேணி, வீட்டுப் பெரியவர்களோடு மனம்விட்டுப் பேசி, அதன் பின்னர் திட்டம் போடுங்கள்.

வாருங்கள், இப்போதைக்கு மனத்தால் ஒரு முறை போய் வருவோம்.

தலைநகர் தாஷ்கந்திலிருந்து சமர்கந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 2011 முதல் ஓடும் அதிவேகப் புகையிரதம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. சமர்கந்தின் நடுவே இருக்கிறது ரெகிஸ்தான் சதுக்கம். மூன்று பக்கமும் மூன்று மத்ரஸாக்கள். 1420 இல் முடிந்தது முதலாவது. மற்றைய இரண்டும் 17 ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. நீலமும் பச்சையுமான ஓடுகளில் அரபு எழுத்துக்கள் கொடிபோலப் படர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அந்த முதலாவது மத்ரஸாவைக் கட்டியவர் உலுக் பேக். பேரரசர் தைமூரின் பேரர். அரசராக இருந்தும் இவரது மனம் வானத்திலேயே இருந்தது. தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில், நிலத்தைக் குடைந்து ஒரு மாபெரும் வளைவுக் கருவியை அமைத்து, 1018 நட்சத்திரங்களின் அட்டவணையைத் தந்தார். 1449 இல் அவர் கொல்லப்பட்டார். அதற்குக் காரணமானவர் பெற்ற மகன்! ஆய்வுகூடமும் அழிந்து மண்ணுக்குள் மறைந்தது. 1908 இல்தான் அதன் எஞ்சிய பகுதியைத் தோண்டி எடுத்தார்கள். இன்று படிகளின் அருகே நின்று அந்த வளைவைக் காணலாம்.

சமர்கந்தில் பெண்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஷாஹி ஸிந்தா. பெருமானார் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் மகன் குஸம் (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாகக் கருதப்படும் இடம் இது. அதை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் கட்டப்பட்ட அடக்கத்தலங்களில் பல பெண்களுடையவை. அவற்றில் ஒன்று 1372 இல் தைமூரின் சகோதரி, மரணித்த தன் மகளுக்காகக் கட்டியது. பின்னர் அந்தத் தாயும் அங்கேயே அடக்கப்பட்டார். மகளை இழந்த ஒரு தாயின் துக்கம் அறுநூறு ஆண்டுகளைக் கடந்து நீல ஓடுகளாக நிற்கிறது. அங்கே நின்று ஒரு துஆ கேட்காமல் எந்தத் தாய் திரும்புவாள்?

ஆனால் பிள்ளைகளுக்கு மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 1398 இல் டில்லியைச் சூறையாடியவர்தான் தைமூர். வென்ற நாடுகளிலிருந்து கைவினைஞர்களைப் பிடித்து வந்துதான் சமர்கந்தை அவர் அழகுபடுத்தினார். அழகைப் பாராட்டுவோம், அதற்காக மற்றவர்கள் கொடுத்த விலையை மறக்கலாகாது.

சமர்கந்திலிருந்து 25 கிலோமீற்றர் தூரத்தில் இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. அங்கிருந்து புகையிரதத்தில் அவர்கள் பிறந்த புகாராவுக்குப் போகலாம். இளமையிலேயே தந்தையை இழந்த இமாமவர்கள், சுமார் 16 வயதில் தாயாரோடும் சகோதரரோடும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஹஜ் முடிந்ததும் தாயார் ஊர் திரும்ப, மகனார் கல்வி தேடி மக்காவிலேயே தங்கினார்கள். மகனை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்றவரும் தாய். அறிவுக்காக விட்டுவிட்டுத் திரும்பியவரும் தாய். பிள்ளையைக் கண்டிக்கு அனுப்பவே கண்கலங்கும் நாம் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

புகாராவில் வானளாவி நிற்பது கல்யான் மினாரா. 1127 இல் கட்டப்பட்ட இதன் உயரம் ஏறத்தாழ 46 மீற்றர். 1220 இல் ஜெங்கிஸ்கான் புகாராவை அழித்தபோதும் இது தப்பியது. இப்னு பதூதா வந்தபோது நகரம் பெரும்பாலும் பாழடைந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். சோவியத் ஆட்சியில் இன்னொரு சோதனை வந்தது. பெரும்பாலான பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் மூடப்பட்டன. மினாராவுக்கு எதிரேயுள்ள மீர் அரப் மத்ரஸா மட்டும் 1940களில் மீண்டும் இயங்க அனுமதி பெற்றது. 1991 இல் நாடு சுதந்திரம் அடைந்தது. இடிந்தாலும் மூடினாலும், ஓதிக்கொடுக்க ஒருவர் மிஞ்சியிருந்தால் கல்வி மீண்டும் தழைக்கும் என்பதற்குப் புகாராவே சாட்சி.

நாட்கள் மிஞ்சினால், பாலைவனத்தைக் கடந்து கீவா வரை போகலாம். மண்மதிலுக்குள் அமைந்த பழைய நகரம் அது. அங்குள்ள ஜும்ஆப் பள்ளியை 200க்கும் மேற்பட்ட மரத்தூண்கள் தாங்குகின்றன. அல்ஜிப்ரா என்ற சொல்லை உலகுக்குத் தந்த நூலை எழுதிய அல் குவாரிஸ்மியின் பெயரும் இந்தப் பிரதேசத்தின் பெயரால் வந்ததே.

உணவைப் பற்றிக் கேட்கமாட்டீர்களா? ஆட்டிறைச்சியும் கரட்டும் சேர்த்துச் சமைக்கும் பிலாவ், பெரிய தட்டில் வரும். நமது சஹன் போலவே பலர் சேர்ந்து சாப்பிடுவார்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது மரியாதைக் குறைவு. தேநீரைக் கோப்பை நிறைய ஊற்றாமல் கொஞ்சமாக ஊற்றினால் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்கவே அப்படிச் செய்கிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் கவலையில்லை. நெஞ்சில் கை வைத்து ஒரு ஸலாம் சொன்னால் முகங்கள் மலர்ந்துவிடும். "ரஹ்மத்" என்றால் நன்றி.

இனி, புறப்படுமுன் சில விடயங்கள்:

கோடையில் வெயில் 40 பாகையைத் தொடும், குளிர்காலத்தில் உறைபனி. ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களே உகந்தவை.

பை 10 கிலோவுக்கு மேற்பட வேண்டாம். தானே தூக்க முடியாததைக் கொண்டு போகிறவர், அதைத் தோழியின் தலையில்தான் கட்டுவார். இலேசாகத் துவைத்து உலர்த்தக்கூடிய மூன்று சோடி உடுப்பு, தொழுகைத் துணி, நடந்து பழகிய சப்பாத்து, வழமையாகக் குடிக்கும் மருந்துகள் போதும்.

விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. உரிய இடத்தில் நேரடியாக விசாரியுங்கள். கடவுச்சீட்டின் பிரதிகளை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள்.

பொதுச் செலவுக்கு ஒருவரைக் கணக்குப்பிள்ளையாக்கி, அன்றன்றைய கணக்கை இரவே முடித்துவிடுங்கள். இருட்டிய பின் யாரும் தனியே போவதில்லை என்பதையும், வீட்டுக்குத் தினமும் ஒரு தகவல் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிரயாணத்தைக் குறிக்கும் "ஸஃபர்" என்ற அரபுச் சொல்லுக்கு, வெளிப்படுத்துதல் என்ற பொருளோடு உறவுண்டு என்று அறிஞர்கள் விளக்குவார்கள். களைப்பிலும் பசியிலும் மனிதர்களின் குணம் வெளிப்பட்டுவிடும். ஆகவே போகும் ஊரைத் தெரிவு செய்யுமுன் கூடவரும் ஆளைத் தெரிவு செய்யுங்கள்.

"இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். கல்யாணத்துக்கும் நகைக்கும் சீட்டுப் பிடிக்கும் நாம், இரண்டு மூன்று வருடம் இதற்கென ஒரு சீட்டுப் பிடித்தால் என்ன? ஒரு சோடிக் காப்புக் குறைந்தால் நஷ்டமில்லை.

புகாராவில் உலுக் பேக் கட்டிய இன்னொரு மத்ரஸா உண்டு. 1417 ஆம் ஆண்டுக்குரியது. கல்வி தேடுவது ஆண், பெண் இருபாலாருக்கும் கடமை என்ற பொருள்பட அதன் வாயிலில் பொறிக்கப்பட்டிருந்தது என்பார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசர் அதில் பெண்ணையும் சேர்த்தே எழுதச் செய்திருக்கிறார். உங்கள் மகள் உலகப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்டால், "பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, சமர்கந்து எங்கே இருக்கிறது என்று அவளோடு சேர்ந்து தேடுங்கள்.